தண்ணீரின் மேல் ஆறு விநாடி

திருச்சியில் நீர்ச்சறுக்குப் போட்டி நடத்துகிறோம் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "தண்ணி இருக்கா?" என்பது. இருக்கிறது. ஜீயபுரம் தாண்டி மேற்கே போனால், அணையின் கதவுகள் இறங்கியிருக்கும் நாட்களில் காவிரி ஏரி போல அகன்று, ஏறக்குறைய அசையாமல் நிற்கும் ஓர் இடம் உண்டு. இரண்டாவது கேள்வி, "முதலை இருக்கா?" இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். "இருந்தா முதல்ல என்னத்தானே புடிக்கும்? உங்ககிட்ட என்ன இருக்கு?" என்பார். அவர் உடம்பைப் பார்த்தபின் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

படகு அவருடையது. கேரளத்தில் மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து மோட்டார் படகு, கயிறு, மிதவை உடைகள், நான்கு ஜோடிப் பலகைகள் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி காலியாக வரக் கூடாது என்பது அவர் தொழில் வழக்கம். வந்து இறங்கிய பிறகுதான், அவரைத் தவிர அதை வைத்து விளையாட ஊரில் ஆள் இல்லை என்பது தெரிந்தது.

நான் அப்போதுதான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைக் குடித்து முடித்த பிறகு மண்டிக்காரர் விஷயத்தைச் சொன்னார். "சார், வாங்க கத்துக்கலாம்னா ஒருத்தனும் வர மாட்டான். போட்டின்னு சொன்னா வருவான். விதி எழுத ஒரு ஆள் வேணும்."

எழுதிக் கொடுத்தேன். பெரிய போட்டிகளின் விதிகளைப் பார்த்து எழுதினேன். மிதவைகளைச் சுற்றி வளைய வேண்டும், வளைவுக்கு இத்தனை மதிப்பெண் என்று. அதுதான் முதல் ஆண்டின் தவறு. வந்தவர்கள் பத்தொன்பது பேர். கோவாவில் ஏற்கெனவே சறுக்கிப் பழகியிருந்த இரண்டு பேர் பரிசுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்து பேர் ஒரு விநாடிகூட எழுந்து நிற்கவில்லை. முடிவுகளை ஒலிபெருக்கியில் வாசித்தவன் நான். பெயர், மதிப்பெண், பெயர், மதிப்பெண். ஐந்து முறை "பூஜ்ஜியம்" என்றேன். தோற்ற அணியின் ஸ்கோரையும் சேர்த்து அச்சிடுவதுதான் பத்திரிகையில் முறை. அப்போது எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

அந்த ஐவரில் நான்கு பேர் அதற்குப் பிறகு வரவில்லை. ஐந்தாமவர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, கணக்கு ஆசிரியை. தேவாலயத்தை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் வேலை, அதற்குப் பின் தெருவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து ஜீயபுரம் வந்து, அங்கிருந்து மண்டிக்காரரின் மினி வேனில் கரைக்கு வருவார். நீச்சல் நன்றாகத் தெரியும். பலகை மேல் நிற்கத்தான் வரவில்லை.

திரும்ப ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டது தொழில் பழக்கத்தில்.

"போன தடவ யாரோ வீடியோ எடுத்து, அது ஸ்கூல் வரைக்கும் வந்துடுச்சு சார். பிள்ளைங்க சிரிச்சிருந்தா பரவால்ல. ஒருத்தி வாயத் தொறக்கல. பத்தாம் வகுப்பு அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல."

"பாவம்னு நெனச்சிருக்கும்."

"அதாங்க தாங்கல. அதுங்ககிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒரு நம்பர் வேணும். பூஜ்ஜியம் இல்லாத எந்த நம்பரா இருந்தாலும் சரி."

இரண்டாம் ஆண்டு விதிகளை முழுக்க மாற்றினேன். இதுவரை எந்தச் சறுக்குப் போட்டியிலும் பரிசு வாங்காதவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். வளைவு, தாண்டல் எதுவும் கிடையாது. எத்தனை விநாடி எழுந்து நின்றார்கள் என்பது மட்டும்தான் கணக்கு. ஒவ்வொருவருக்கும் மூன்று சுற்று, அதில் நல்லது எதுவோ அது. பலகைகளின் முனைகள் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போகாமலிருக்க இரண்டையும் சைக்கிள் டியூப் துண்டால் இணைத்துக் கட்டிக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று சேர்த்திருந்தேன். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஐந்து மதிப்பெண்.

வரைவை ஆசிரியையிடம் கொடுத்தேன். மறுவாரம் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் விதியில் "நிற்பது" என்ற சொல்லுக்குப் பக்கத்தில், "முட்டி மடிந்து பலகை மேல் உட்கார்ந்தால் நிற்பது ஆகாது" என்று சேர்த்திருந்தார். கடைசி விதியைக் குறுக்கே அடித்திருந்தார்.

"பேப்பர்ல பேர் எழுதினதுக்கு நாங்க மார்க் போடறதில்ல சார்."

"யாரும் பூஜ்ஜியத்தோட வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு பாத்தேன்."

"நீங்க பாத்தா ஆச்சா? நான் நிக்கணும்."

அந்த விதியை எடுத்துவிட்டேன்.

படகை யார் ஓட்டுவது என்பதில் மட்டும் நான் எதையும் மாற்றவில்லை. முதல் ஆண்டுப் போட்டிக்கு முந்தைய பயிற்சிகளில் மண்டிக்காரரே ஓட்டினார். பம்புசெட் மோட்டாரைப் போடுவதுபோல ஒரே இழுப்பாக இழுப்பார். ஒரு பாங்க் அதிகாரியின் மூக்குக்கண்ணாடி காவிரிக்குப் போனது அப்படித்தான். புதியவர்களுக்கு மென்மையான கை வேண்டும் என்று நினைத்துப் பொன்மலையில் ஒருவரைப் பிடித்தேன். எக்ஸ்பிரஸ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர், நான் அண்ணே என்பேன். ஒரே மாதத்தில் படகைக் கற்றுக்கொண்டார். டியூப் துண்டால் பலகைகளைக் கட்டும் யோசனையும் அவருடையதுதான். முதல் ஆண்டுப் போட்டியிலும் அவர்தான் ஓட்டினார். அவர் படகைக் கிளப்பினால் இருக்கையில் வைத்த டீ டம்ளர் அசையாது. இதை ஒருமுறை வைத்தே காட்டினார்.

அனுமதிக்கு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒரு அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "யாராவது விழுந்துட்டா?" என்றார். "விழறதுக்குத்தான் சார் வர்றாங்க" என்றேன். மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போட்டி நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். இருபத்திரண்டு பேர். கரையில் சாமியானா, ஒரு அண்டா புளியோதரை, ஒரு அண்டா தயிர் சாதம், உயிர்காப்பு வீரர்கள் இருவரோடு ஒரு பரிசல். ஒலிபெருக்கி மண்டிக்காரர் கையில் இருந்தது. அதை அவரிடமிருந்து வாங்குவது நடக்கிற காரியமில்லை.

படகில் ஓட்டுநரோடு நான் இருந்தேன். அவர் முன்னே பார்த்திருப்பார், நான் பின்னே பார்த்திருப்பேன். கயிற்றின் மறுமுனையில் ஆள் தண்ணீருக்குள் குந்தியபடி மிதப்பார். முழங்கால்கள் மார்போடு, கைகள் நீட்டியபடி, பலகை முனைகள் மட்டும் தண்ணீருக்கு வெளியே. தயாரானதும் "போலாம்" என்று கத்துவார். படகு கிளம்பும். விழுந்தால் நான் ஆரஞ்சுக் கொடியைத் தூக்குவேன். என் நோட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்களை எழுதினேன். "போலாம்" என்றதிலிருந்து எழும் வரை அல்லது விழும் வரை எத்தனை விநாடி, எழுந்தபின் எத்தனை விநாடி. விதிப்படி இரண்டாவது எண் மட்டும் போதும். முதல் எண்ணைக் காரணமில்லாமல்தான் எழுதினேன். பார்த்ததை எழுதாமல் இருக்கக் கை பழகவில்லை.

முதல் சுற்றில் ஒன்பது பேர் நின்றார்கள். ஆசிரியை நிற்கவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே பத்து விநாடி வந்து, முகத்தில் நீர் அடிக்க, கையை மடக்கிக் கைப்பிடியை மார்பை நோக்கி இழுத்தார். பலகைகள் கீழே போயின. கொடியைத் தூக்கினேன்.

"கைய மடக்காதீங்கன்னு சொன்னேன்ல டீச்சர்" என்றது கரையிலிருந்து ஒலிபெருக்கி.

"சொல்றது ஈஸி" என்றார் அவர் தண்ணீரிலிருந்து. ஒலிபெருக்கி இல்லாமலே கரைக்குக் கேட்டது.

இரண்டாம் சுற்றின் நடுவில் ஓட்டுநர் மாத்திரை போட வேண்டியிருந்தது. சர்க்கரை நோயாளி, சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அந்தக் கால் மணி நேரத்துக்கு மண்டிக்காரர் படகுக்கு வந்தார். நான்கு பேரை இழுத்தார். முதல் சுற்றில் அந்த நால்வரில் ஒருவர்தான் நின்றிருந்தார். இப்போது நால்வரும் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம், வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவர். கரை ஏறியதும், "ஏதோ, பெருமாள் க்ருபை" என்றார்.

"என் ஆக்ஸிலேட்டரையும் கொஞ்சம் சேத்துக்குங்க சாமி" என்றார் மண்டிக்காரர்.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஓட்டுநர் திரும்பி வந்தார். அடுத்து வந்த மூன்று பேரும் விழுந்தார்கள். பிறகு ஆசிரியை. பதினோரு விநாடி தண்ணீரைத் தள்ளினார். மறுபடி கை மடங்கியது. இந்த முறை கரையிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. மண்டிக்காரர்கூட ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கிடைத்த அமைதி இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் எங்களைப் பார்க்காமல் பரிசலில் ஏறிக்கொண்டார்.

சுற்று முடிந்து பத்து நிமிட இடைவேளை விட்டோம். நோட்டைத் திறந்து முதல் எண்களை மட்டும் வரிசையாகப் படித்தேன். விழுந்தவர்கள் அனைவருக்கும் ஒன்பது, பத்து, பதினொன்று. ஓட்டுநரின் இழுப்பில் நின்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே எண்கள்தான். அவர்கள் எல்லோரும் தோள் வலுவுள்ளவர்கள், தாக்குப் பிடித்திருக்கிறார்கள். மண்டிக்காரர் இழுத்த நால்வருக்கு நான்கு, ஐந்து, நான்கு, மூன்று.

பலகை நீருக்கு மேலே ஏற ஒரு வேகம் வேண்டும். அந்த வேகம் வரும் வரை ஆள் தன் உடம்பால் ஆற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். படகு எவ்வளவு மென்மையாகக் கிளம்புகிறதோ அவ்வளவு நேரம் தள்ள வேண்டும். புதியவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று நான் தேடிப் பிடித்த கைதான் அவர்களைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தது.

ஓட்டுநர் கரையோரம் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து நோட்டைக் கொடுத்தேன்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "என்ன சார் இது?"

"போலாம்னு சொன்னதிலேருந்து அவங்க எழுந்திரிக்கிற வரைக்கும் ஆன நேரம்."

விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். நான்கு சிறிய எண்களின் மேல் விரல் நின்றது. "இது?"

"அவர் ஓட்டினது."

"அவரு ஆளக் கொல்ற மாதிரில்ல இழுக்கிறாரு."

"நாலு பேரும் நின்னாங்கண்ணே."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "முப்பத்தி நாலு வருஷம் சார். வண்டி கெளம்பினதே தெரியலன்னு இறங்கும்போது எஞ்சின் வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போவாங்க. அதுதான் நம்ம பேரு."

"தெரியும். அதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன். தப்பு என்னுது."

அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "டீச்சரம்மா விழுந்தது நம்மாலயா?"

"கைய மடக்கினாங்க. ஆனா பதினோரு விநாடி இழுத்தா யாரா இருந்தாலும் மடக்குவாங்க."

"போன வருஷமும்?"

"அந்த நோட்டு வீட்ல இருக்கு. பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அன்று மாலை பார்த்தேன். போன வருஷமும் அப்படித்தான்.

அவர் எழுந்தார். மண்டிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். விஷயம் அவருக்குப் புரிந்திருந்தது. "டிரைவர் சார், வேணும்னா மூணாவது ரவுண்டு நான் இழுக்கிறேன். நீங்க மைக் புடிங்க" என்றார்.

"உங்க இழுப்புல தோள்பட்ட கழண்டா மாட்டறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் படகுக்கு நடந்தார்.

பின்னால் யாரும் இல்லாமல் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். முதல் முறை பழைய கைதான். உதட்டைக் கடித்துக்கொண்டு படகைத் திருப்பினார். "நான் எக்ஸ்பிரஸ்ஸா எடுக்கிறேன் சார். இதுக்கு மெட்ராஸ் எலக்ட்ரிக் ட்ரெயின் மாதிரி எடுக்கணும். நின்னா நிக்கணும், கெளம்பினா கெளம்பிடணும்." இரண்டாவது முறை நான் பின்பக்கமாகச் சாய்ந்து இருக்கையின் கம்பியைப் பிடித்தேன். ஆனால் மண்டிக்காரரின் வெட்டு அதில் இல்லை. பிடித்து, விடாமல் ஏற்றும் ஒரு இழுப்பு.

மூன்றாம் சுற்று தொடங்கும் முன் எல்லோரையும் கூப்பிட்டு, படகு இனி விரைவாகக் கிளம்பும், எல்லோருக்கும் ஒரே மாதிரி, பயமாக இருந்தால் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னேன். யாரும் விலகவில்லை. ஆசிரியை மட்டும் கை தூக்கினார். "நாலு பேர் ஏற்கெனவே அப்படி ஒரு தடவ போயிட்டாங்களே. அவங்களுக்கு ரெண்டு, எங்களுக்கு ஒண்ணா?"

யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஸ்ரீரங்கத்துக்காரர் மற்ற மூவரையும் பார்த்தார். "அந்த ரவுண்ட எங்களுக்குக் கணக்குல எடுத்துக்க வேணாம் சார்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் கொஞ்சம் தாமதமாக ஆட்டினார்.

சுற்று சீராகப் போனது. அதுவரை ஒருமுறைகூட நிற்காதவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் எழுந்ததை நம்பாமல் கீழே காலைப் பார்த்து, பார்த்ததாலேயே விழுந்தார்கள். ஆசிரியையின் முறை வந்தபோது ஓட்டுநர் திரும்பி நேராக அவரிடம் பேசினார்.

"டீச்சரம்மா, இந்தத் தடவ வெடுக்குன்னு இருக்கும். கைய நீட்டியே வெச்சுக்குங்க. மத்தத படகு பாத்துக்கும்."

"சரிங்க."

"அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பச் சொல்லாதீங்க" என்றார். முழங்கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. சிலுவை போட்டுக்கொள்ளக் கை கிடைக்கவில்லை. "போலாம்."

கயிறு விறைத்தது. அவர் முன்னால் நீர் ஒரு மேடாக எழுந்து, நான்காவது விநாடியில் இரண்டாகப் பிளந்தது. பலகைகள் மேலே வந்தன. இடுப்பு வந்தது. பிறகு முழங்கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவரைக் கேட்காமலே நிமிர்வதுபோல நிமிர்ந்தன. கைகள் நீட்டியபடியே இருந்தன. முகத்தில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. வினாத்தாளில் ஒரு கணக்கைச் சரிபார்ப்பவரின் முகம். கரையில் கூச்சல் எழுந்தது, ஒலிபெருக்கி அதில் முழுகிப்போனது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. "நிக்கிறாங்களா?" என்றார் முன்னே பார்த்தபடி. "நிக்கிறாங்க" என்றேன். முழங்கால்கள் நடுங்கி மெல்ல மடிந்தன. அப்படியே பலகை மேல் குந்தி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

கொடியைத் தூக்கினேன். படகு வட்டமடித்து அவர் பக்கத்தில் போய் நின்றது. முடியிலிருந்து தண்ணீர் வழிய, மிதந்தபடியே கேட்டார். "எவ்வளவு?"

"ஏழு விநாடி."

"கடைசியில உக்காந்துட்டேனே."

"விழும்போதுதான் உக்காந்தீங்க."

"இல்ல சார், உக்காந்து கொஞ்சம் வந்தேன். மூணாவது விதி, நான்தான் எழுதினேன். ஆறு போடுங்க."

ஏழு என்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். ஓட்டுநர் எதையோ தேடுவதுபோலப் படகின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. இருவர் மூன்றாம் சுற்றிலும் எழவில்லை. அவர்களில் ஒருவர் அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டார். மற்றவர் கேட்கவில்லை. முதலிடம் ஸ்ரீரங்கத்துக்காரருக்கு, முக்கால் நிமிடத்துக்கு மேல். ஆசிரியை இருபதாவது. முடிவுகளை இந்த முறை அட்டையில் எழுதிப் பந்தல் காலில் ஒட்டினேன். வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியை வந்து தன் வரியைப் பார்த்தார், பிறகு மற்றவர்களின் வரிகளையும் முழுக்கப் படித்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பூசைக்கு முன்னால் சாப்பிடாத பழக்கம். அதற்குப் பிறகும் பயத்தில் சாப்பிடாமல் வந்திருந்தாராம். புளியோதரை அண்டாவின் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தபோது ஓட்டுநர் அவரிடம் போனார். நானும் அங்கேதான் இருந்தேன். நோட்டில் இருந்ததை அவர் தன் பாஷையில் சொன்னார். எக்ஸ்பிரஸ், டீ டம்ளர், எலக்ட்ரிக் ட்ரெயின் எல்லாம் வந்தன. "போன வருஷமும் நான்தாம்மா ஓட்டினேன்" என்று முடித்தார்.

ஆசிரியை வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"அப்ப அந்தப் பூஜ்ஜியத்துல பாதி உங்களுதுங்களா?"

"பாதி என்னங்க, முக்காவாசி."

"பாதி போதும். நானும் கைய மடக்கினேன்ல" என்று சொல்லிவிட்டு, தட்டை மறுபடி அண்டாப் பக்கம் நீட்டினார்.